பாதி முடிஞ்ச விக்டரி மாடல் கப்பல வித்துடலாமா? வீட்ல சின்ன பசங்க, இடமும் இல்ல

அம்பத்தூர்_கப்பல்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இதான் நான் போடுற முதல் இழை. 2021ல எச்எம்எஸ் விக்டரிங்கற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலோட மர மாடல் கிட் வாங்கினேன், 1:72 (அசல்ல 72ல ஒரு பங்கு), பல்க்ஹெட் (குறுக்கு சட்டம்) மேல ரெண்டு அடுக்கு பலகை ஒட்டுற டைப். கிட் விலையும் கஸ்டம்ஸ் டூட்டியும் சேர்ந்து கைய கடிச்சிருச்சு, ஆனா ஸ்கூல் படிக்கும்போது ஒரு கலைக்களஞ்சியத்துல அந்த கப்பலோட படத்த பாத்ததுல இருந்து மனசுல இருந்த ஆசை, அப்ப பொண்ணுக்கு மூணு வயசு, பையன் பொறக்கல, சரின்னு வாங்கிட்டேன்.

முதல் அடுக்கு பலகை முடிஞ்சுது, வால்நட் ரெண்டாவது அடுக்கு ஒரு பக்கம் முழுசா வந்துருச்சு, மறுபக்கம் பாதியில நிக்குது. பையன் பொறந்தப்புறம் வேலை மெதுவாச்சு, கடைசி 14 மாசமா மொத்தமாவே நின்னு போச்சு. போன வாரம் ரொம்ப நாள் கழிச்சு ஒரு ராத்திரி எடுத்து ஆறு பலகை ஒட்டினேன். காலைல பையன் ஹால்ல உக்காந்திருக்கான், கையில பலகைய புடிக்க குத்துற பித்தளை ஆணி ஒண்ணு, வாய்க்கு ரொம்ப கிட்ட. என் மனைவிதான் பாத்து வாங்கினாங்க. திட்டல, சத்தம் போடல. "இது வேணுமான்னு நீங்களே யோசிங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அந்த ஒரு வார்த்தை ஒரு வாரமா என்னை தூங்க விடல.

இப்ப ஹல்ல (கப்பல் உடம்ப) பழைய காட்டன் புடவையில சுத்தி பீரோ மேல வச்சிருக்கேன். 2 பெட்ரூம் ஃபிளாட். ஹல் மட்டுமே 96 செ.மீ., முன்னாடி நீட்டுற போஸ்பிரிட், பின்னாடி பூம் எல்லாம் வந்தா நாலரை அடி ஆகும், முடிச்சாலும் எங்க வைக்கிறது? இங்க ஒருத்தர் மீதி சாமானோட மொத்தமா எடுத்துக்கறேங்கறார். குடும்பம் குழந்தைங்களோட இந்த வேலை பண்றவங்க அனுபவத்த சொல்லுங்க ப்ளீஸ்.

பெங்களூரு_கார்த்தி

விக்காதீங்க ப்ரோ. பாதி ஒட்டின ஹல்லுக்கு எவனும் கால்வாசி விலை கூட தர மாட்டான், அவருக்கு வேண்டியது உங்க பீரங்கியும் கயிறும்தான். ஹல் ஃபோட்டோ போடுங்க.

கோவை_மரத்தூள்

தம்பி, விக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பாப்போம், முதல்ல இன்னைக்கே அந்த ஆணி டப்பாவ வீட்ட விட்டு வெளிய அனுப்புங்க. ரெண்டாவது அடுக்குக்கு ஆணி தேவையே இல்ல. பலகை உள்பக்கம் ஃபெவிகால் தடவி, நுனியிலயும் நடுவுலயும் மட்டும் ஒரு பொட்டு ஃபெவிக்விக் வச்சு ஒரு நிமிஷம் விரலால அழுத்தினா போதும், மீதிய ஃபெவிகால் காயும்போது அதுவே புடிச்சுக்கும். அமுக்கி புடிக்க துணி காயப்போடுற கிளிப்பும் ரப்பர் பேண்டும் இருக்கு. ஃபெவிக்விக் புகை கண்ண எரிக்கும், அதனால பால்கனியில, பசங்க தூங்கினப்புறம்தான். இன்னொண்ணு, உங்க கிட்ல பீரங்கி, நங்கூரம் எல்லாம் கருப்பா கனமா வந்திருந்தா ஈயம் கலந்ததான்னு பாருங்க. பழைய கிட்கள்ல ஈயம் சகஜம். அத தேய்ச்ச தூள் குழந்தை கைக்கு போகவே கூடாது, நீங்களும் கை கழுவாம சாப்பிடாதீங்க.

14 மாசம் நின்னு போச்சேன்னு வருத்தப்படுறீங்க. அசல் விக்டரி கதைய கேளுங்க. 1759ல ஏரா (அடிக்கட்டை) போட்டாங்க. எலும்புக்கூடு நின்னதும் பிரான்ஸோட நடந்த போர் ஒரு பக்கமா சாஞ்சிருச்சு, இனி அவசரம் இல்லன்னு கிட்டத்தட்ட மூணு வருஷம் பலகை அடிக்காம அப்படியே விட்டுட்டாங்க. சில மாசம் காய விடுறதுதான் அப்போ வழக்கம். இவ்வளவு காலம் காஞ்சதாலதான் அந்த மரம் இத்தன வருஷம் தாங்குதுன்னு சொல்வாங்க. 1765ல தண்ணியில இறக்கினப்புறமும் 1778 வரைக்கும் வேலை இல்லாம ஆத்துலயே கட்டி கிடந்துச்சு, பதிமூணு வருஷம். 1805ல ட்ரஃபால்கர் கடல் போருக்கு போனப்ப அதுக்கு நாப்பது வயசு. இப்ப 2022ல இருந்து இங்கிலாந்து போர்ட்ஸ்மவுத்ல பெரிய ரிப்பேர் நடக்குது, பத்து வருஷ திட்டம், அழுகின பலகைய கழட்டி கழட்டி மாத்துறாங்க. ஆக அசலும் உங்க வீட்டு கப்பல் மாதிரியே பாதி பலகையோடதான் நிக்குது தம்பி.

அம்பத்தூர்_கப்பல்காரன்

சார் இத படிச்சப்ப ஏதோ நெஞ்சுல இருந்து கொஞ்சம் பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. ஆணி டப்பாவ ஆபீஸ் டிராயருக்கு கொண்டு போயிட்டேன். பீரங்கி குழல் எல்லாம் பித்தளையில கடைஞ்சது, நங்கூரம் மட்டும் கருப்பு உலோகம், அத கவர்ல போட்டு ஒட்டி மேல வச்சிட்டேன்.

இன்னொரு பிரச்சினையும் இருக்கு. முடிஞ்ச பக்கத்துல சில பலகைக்கு நடுவுல மயிரிழை இடைவெளி விழுந்துருச்சு. ஒட்டினது நவம்பர்ல, அப்ப துளி இடைவெளி கிடையாது, ஏப்ரல்ல பாக்கும்போது நகம் நுழையுது. என் கை சரியில்லையா?

முத்துநகர்

கை மேல தப்பில்ல அண்ணாச்சி. மழை மாசத்துல, அதுவும் தண்ணியில ஊற வச்ச பலகைய ஈரத்தோடவே ஒட்டியிருப்பீங்க. மரம் ஈரத்துல அகலவாக்குல ஊதும், நீளத்துல ஒண்ணும் ஆகாது. காஞ்சதும் அகலம் சுருங்கும், இடைவெளி விழும். பலகைய ஆவி காட்டி வளைச்சு, ஹல் மேல பசை இல்லாம கிளிப் போட்டு ராத்திரி பூரா காய விடுங்க, மறுநாள் அதே வளைவோட கழட்டி அப்புறம் பசை வைங்க. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஒட்டுங்க. ஒரே பக்கம் ஒட்டிக்கிட்டே போனா ஏரா அந்த பக்கமா இழுத்து முறுக்கிக்கும், உங்களுக்கு ஒரு பக்கம் முழுசா முடிஞ்சு நிக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, முதல்ல அத ஒரு நூல் கட்டி நேரா இருக்கான்னு பாத்துருங்க.

ஆவிக்கு நான் வீட்ல இட்லி பானைதான் வச்சிருக்கேன். முதல்ல அம்மா ஒத்துக்கல, பழைய பானை ஒண்ணு தனியா ஒதுக்கினப்புறம் பிரச்சினை இல்ல. பதினஞ்சு இருபது நிமிஷம் ஆவியில இருந்தா 1 மி.மீ. வால்நட் வெண்டக்கா மாதிரி வளையும்.

இடைவெளிய பிரிக்க வேண்டாம். எங்க தாத்தா தூத்துக்குடியில தோணியில போனவர், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரிச்சு சரக்கு ஏத்திட்டு போன காலம். அசல் தோணியிலயே பலகைக்கு பலகை இடைவெளி இருக்கும், அதுல பஞ்சு திரிச்சு திணிச்சு குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைப்பாங்க, கலப்பத்துன்னு பேரு. மேஸ்திரி படம் எதுவும் போட மாட்டார், ஏராவ வச்சு ரெண்டு வங்கு (விலா சட்டம்) நிறுத்தி கண்ணாலயே வளைவு பாப்பார். நாம பண்ற சைஸ்ல பஞ்சு எங்க போறது, நான் பலகை விளிம்புல மெத்துன்னு ஒரு 4பி பென்சில் இழுத்துட்டு ஒட்டுவேன், மெல்லிசா கருப்பு கோடு விழும், கலப்பத்து அடிச்ச மாதிரியே இருக்கும். உங்க இடைவெளிக்கு அதே வால்நட் தூள ஃபெவிகால்ல குழைச்சு அப்பி தேய்ங்க, காஞ்சா தெரியாது.

சேலம்_தச்சன்

எல்லாரும் ஆறுதல் சொல்றீங்க, நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வயசு குழந்தை இருக்குற வீட்ல இந்த வேலை வேண்டாம். விக்கவும் வேண்டாம். பெட்டியில போட்டு மூடுங்க, பையனுக்கு பத்து வயசாகும்போது திறங்க. நான் அதத்தான் செஞ்சேன், எங்க வீட்ல ரெட்டை குழந்தைங்க, 12 வருஷம் மூடி வச்சிட்டு திரும்ப எடுத்தேன். குழந்தைங்க சின்னதா இருக்குற காலம் திரும்ப வராது, மரம் எங்கயும் போகாது.

மூடும்போது மட்டும் நான் பண்ணின தப்ப பண்ணாதீங்க. புது பிளைவுட் பெட்டி செஞ்சு காத்து போகாம இறுக்கி வச்சேன். மரத்துல இருந்தும் பசையில இருந்தும் புளிச்ச ஆவி வரும், அது ஈயத்த தின்னுடும். திறந்து பாத்தா நங்கூரமும் அலங்கார உருவமும் வெள்ளையா பூத்து, தொட்டா மாவா உதிருது. உலோகத்த தனியா பிளாஸ்டிக் டப்பாவுல வைங்க. நூல் மஞ்சளாகி இத்துப்போச்சு, அத புதுசா வாங்க வேண்டி வந்துச்சு. மூங்கில் குச்சி வச்சிருந்தா உளுத்துப்போகும், அதுல இருந்து பூச்சி மத்த மரத்துக்கும் வரும், போராக்ஸ் தண்ணியில ஊற வச்சு காய வச்சுட்டு வைங்க.

கோவை_மரத்தூள்

தச்சன் சொன்ன பேக்கிங் விஷயம் எல்லாம் நூத்துக்கு நூறு சரி. ஆனா மொத்தமா மூடறதுல எனக்கு உடன்பாடு இல்ல. மூடினவங்கள்ல திரும்ப திறந்தவங்க நீங்க ஒருத்தர், திறக்காதவங்க எத்தன பேர எனக்கே தெரியும். கை விட்டுப்போச்சுன்னா திரும்ப கூப்பிடறது ரொம்ப கஷ்டம்.

நெப்போலியன் போர் நேரத்துல இங்கிலாந்துல பிரெஞ்சு கைதிங்கள ஆயிரக்கணக்குல அடைச்சு வச்சிருந்தாங்க, பீட்டர்பரோ பக்கத்துல நார்மன் கிராஸ்னு 1797ல அதுக்குன்னே கட்டின முகாம் ஒண்ணு. அதுல இருந்தவங்க சாப்பாட்டுல வந்த ஆட்டெலும்பு மாட்டெலும்ப வேக வச்சு வெளுத்து, பலகையா சீவி கப்பல் பண்ணி சந்தையில வித்தாங்க. இன்னைக்கும் அந்த எலும்பு கப்பல்ங்க மியூசியத்துல இருக்கு. அவங்ககிட்ட நேரம் மலையா இருந்துச்சு, சாமான் இல்ல. நம்மகிட்ட சாமான் இருக்கு, நேரம்தான் இல்ல. அவங்க கிடைச்சத வச்சு பண்ணினாங்க, நாமளும் கிடைக்கிற இருபது நிமிஷத்த வச்சு பண்ணணும்னுதான் நான் சொல்றேன்.

இருபது நிமிஷத்துல ஹல் வேலை பண்ண முடியாது, எடுத்து வைக்கவே நேரம் போயிடும். அதனால ஹல் பீரோ மேலயே இருக்கட்டும். ஒரு ஸ்வீட் பாக்ஸ் அளவு தட்டு எடுங்க, மூடி போட்டது. அதுல அடங்குற வேலை மட்டும் பண்ணுங்க. விக்டரியில 104 பீரங்கி, கீழ் தளத்துல இருக்கறதுக்கு வெளிய தெரியிற குழல் மட்டும் போதும், மேல் தளத்துல இருக்கறதுக்கு வண்டி செய்யணும், சக்கரம் அச்சு எல்லாம் சின்ன சின்ன வேலை. கூடவே வர்ற படகுங்க இருக்கு. கப்பி இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு வேலை இருக்கு அந்த ஒரு தட்டுல. முடிஞ்சதும் மூடி போட்டு பீரோவுல வச்சு பூட்டுங்க.

மதுரை_மீனா

நான் கப்பல் கட்டுறவ இல்ல, கட்டுறவரோட வீட்டுக்காரி. எங்க வீட்டுக்காரர் 'கட்டி சார்க்'ங்கற கப்பல் மாடல கட்டினார், 1869ல ஸ்காட்லாந்து டம்பார்ட்டன்ல கட்டின தேயிலை கப்பலாம், அந்த பேரெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. இந்த இழைய அவர்தான் காட்டினார், எழுதணும்னு தோணுச்சு.

தம்பி, உங்க மனைவிக்கு கப்பல் மேல கோவம் இருக்காது. நாலு வருஷம் எங்க வீட்டு சாப்பாட்டு மேசை எங்களுக்கு கிடையாது, தரையில உக்காந்துதான் சாப்பிட்டோம், அதுக்கு எனக்கு ஒருநாளும் கோவம் வந்ததில்ல. எனக்கு தாங்கவே முடியாம இருந்தது "அஞ்சு நிமிஷம் வந்துடறேன்"ங்கற வார்த்தை. குழந்தைக்கு காய்ச்சல், தெர்மாமீட்டர் எடுங்கன்னு கூப்பிட்டா, பசை காயுது இப்ப கைய எடுக்க முடியாதுன்னு பதில் வரும். அப்படி ஒரு நாள் நான் கதவ சாத்திட்டு அழுதேன். மறுநாள் உக்காந்து பேசினோம். செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி ஒன்பதரையில இருந்து பதினொண்ணு வரைக்கும் அவர் நேரம், அப்ப வீடு இடிஞ்சாலும் நான் பாத்துக்குவேன், கூப்பிட மாட்டேன். சனிக்கிழமை காலைல நாலு மணி நேரம் என் நேரம், நான் கோயிலுக்கு போவேன், தூங்குவேன், அம்மா வீட்டுக்கு போவேன், குழந்தைங்க அவர் பொறுப்பு. அத அவர் ஒரு வாரம் கூட மீறல. அதுக்கப்புறம் கப்பல் எனக்கு இடைஞ்சலா தெரியல.

கயிறு கட்டுற கட்டம் வந்தப்ப ஏணி மாதிரி குறுக்கு கயிறு போடணும், ராட்லைனாம், ஒவ்வொரு நெடுங்கயித்துலயும் ஒரு முடிச்சு. கிளவ் ஹிட்ச்னு வீடியோ போட்டு காட்டினார். பாத்தா நான் மல்லி கட்டும்போது காம்பச் சுத்தி விடுற சுருக்கு மாதிரியேதான் இருக்கு. அவர் ஒரு வரிசை போடுறதுக்குள்ள நான் மூணு போட்டுடுவேன், சீரியல் பாத்துட்டே. நூல ரொம்ப இறுக்கினா நெடுங்கயிறு ரெண்டும் நடுவுல ஒட்டி இடுப்பு மாதிரி ஆயிடும், பூவ நசுக்காம கட்டுறோம்ல அந்த அளவு இறுக்கம் போதும். பின்னாடி கோடு போட்ட பேப்பர் வச்சுக்கிட்டா வரிசை கோணாது. உங்க மனைவிய இதுக்கு இழுங்கன்னு சொல்ல வரல, நான் ஆசைப்பட்டு வந்தேன், அவர் கூப்பிடல.

பெங்களூரு_கார்த்தி

அக்கா சூப்பர். அந்த வரிசை இடைவெளி எவ்வளவு வச்சீங்க?

கோவை_மரத்தூள்

மீனாம்மா சொன்ன பூக்கட்டு விஷயத்த முப்பது வருஷத்துல யாரும் எனக்கு சொன்னதில்ல, இன்னைக்கு வீட்ல கேட்டு கத்துக்க போறேன். கார்த்தி, அசல் கப்பல்ல மாலுமி ஏறுற படி அது, 13ல இருந்து 15 இன்ச் வரைக்கும் இருக்கும். 1:72ன்னா 5 மி.மீ. கிட்ட வரும். பருத்தி நூல் போட்டா மழை மாசத்துல இறுகும், வெயில்ல தளரும், மாஸ்ட் (பாய்மரம்) லேசா இழுத்துக்கும். நான் பாலியஸ்டர் நூல்தான் போடுறேன்.

வல்வைக்காரன்

வணக்கம். நான் ரொறன்ரோவில இருக்கிறன், சொந்த ஊர் வல்வெட்டித்துறை. வாசிச்சுக்கொண்டு வந்தனான், ஒண்டு சொல்ல வேணும் போல கிடந்தது.

எங்கட ஊரில கட்டின அன்னபூரணி எண்ட ரெண்டு பாய்மரக் கப்பலை ரொபின்சன் எண்ட அமெரிக்கர் வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் எண்டு பேர் மாத்தி, எங்கட ஊர் ஆக்களும் ஏறி ஓட்டிக்கொண்டு போய் 1938இல மாசச்சூசெட்ஸில குளோஸ்டர் துறைமுகத்துக்கு சேர்த்தவை. 89 அடி, வேப்பமரம். அப்பு இந்தக் கதையைச் சொல்லாத நாள் இல்லை. அதைத்தான் நான் இப்ப கட்டிறன், கிட் கிடையாது, பழைய படங்களை வச்சு நானே கோடு கீறி. 1:48இல 22 இஞ்சிதான் உடம்பு வரும், புத்தகத் தட்டில நிக்கும்.

எனக்கும் பிள்ளையள் ரெண்டு. மூத்தவன் முதல்ல திரும்பியும் பாக்கேல்ல. பலகை அடிக்கேக்க பூட்டனார் இந்தக் கடலில ஓடினவர் எண்டு ஒருநாள் கதைச்சன், பிறகு அவனாவே வந்து பக்கத்தில நிக்கத் தொடங்கினான், உளியைத் தொட விட மாட்டன், உப்புத்தாள் போட்டு தேய்க்கிறது அவன்ர வேலை. தம்பி, நீங்கள் விக்டரியை விக்க வேண்டாம், ஆனா பெரிய கப்பல் இடம் இல்லாட்டி இடையில ஒரு சின்னக் கப்பலை முடிச்சுப் பாருங்கோ. ஒண்டை முழுசா முடிச்ச கைக்கு வாற தைரியம் வேற. மும்பையில தேக்கில கட்டி 1817இல இறக்கின திருகோணமலையின்ர பேர் வச்ச கப்பல், எச்எம்எஸ் ட்ரிங்கோமலீ, இண்டைக்கும் இங்கிலாந்தில ஹார்ட்டில்பூலில மிதக்குது. எங்கட கடல் பேரும் எங்கட பக்கத்து மரமும் அதில கிடக்குது, ஒருநாள் போய்ப் பாக்க வேணும் எண்டு ஆசை.

சேலம்_தச்சன்

வல்வைக்காரன் ஐயா, அன்னபூரணி கோடு கீறினது முடிஞ்சா இங்க போடுங்க, நானும் கட்டுறேன்.

கோவை சார் சொன்ன தட்டு யோசனைய யோசிச்சு பாத்தேன். எனக்கு அப்ப யாரும் அத சொல்லல. சொல்லியிருந்தா 12 வருஷம் மூடியிருக்க மாட்டேனோ என்னமோ.

அம்பத்தூர்_கப்பல்காரன்

மூணு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

வாங்க கேட்டவர்கிட்ட இல்லன்னு சொல்லிட்டேன். மீனாக்கா எழுதினத என் மனைவிகிட்ட அப்படியே காட்டினேன். ரொம்ப நேரம் படிச்சாங்க. "எனக்கு ஞாயித்துக்கிழமை காலைல வேணும்"னு சொன்னாங்க, அவ்வளவுதான் பேச்சு. இப்ப அவங்க ஞாயிறு காலைல அக்கா வீட்டுக்கு போயிட்டு மத்தியானம் வர்றாங்க, பசங்க என்கிட்ட. எனக்கு புதனும் சனியும் ராத்திரி.

ஹல் பீரோ மேலயேதான் இருக்கு. முத்துநகர் அண்ணாச்சி சொன்ன மாதிரி நூல் கட்டி பாத்தேன், நடுவுல 2 மி.மீ. சாய்வு இருக்கு, இப்போதைக்கு நிறுத்தின பக்கத்த பால்கனி வெயில் குறையிற மாசத்துல ஒரு வரிசை ரெண்டு வரிசையா ஒட்டிப் பாக்கறேன், தானா சரியாகுதான்னு. அதுவரைக்கும் தட்டு வேலை. மைசூர்பா வந்த டப்பா, மூடி நல்லா டைட்டா இருக்கு.

முதல்ல பீரங்கி வண்டி எடுத்தேன், அது சரியா வரல, ரொம்ப பொடிசு. கப்பலோட வர்ற படகு ஒண்ணு எடுத்தேன். பொண்ணுக்கு இப்ப ஏழு வயசு, பக்கத்துல வந்து உக்காந்தா. கத்தி என்கிட்ட, உப்புத்தாள் அவகிட்டன்னு ஒப்பந்தம். வங்கு எல்லாத்தையும் அவதான் தேய்ச்சா, ஒரு பலகைய எடுத்து கண்ணுக்கு நேரா வச்சு "அப்பா இது இங்க முட்டுது, படிய மாட்டேங்குது"ன்னு விரல் வச்சு காட்டினா, பாத்தா நாலாவது வங்குல கால் மி.மீ. தூக்கல், அத நான் ரெண்டு தடவ பாத்தும் விட்டிருக்கேன். தேய்ச்சுட்டு வச்சோம், படிஞ்சுது. பையன் ஹால்ல அம்மாகூட. அவனுக்கு தேய்க்க ஒரு ஐஸ் குச்சியும் ஒரு துண்டு உப்புத்தாளும் குடுத்திருக்கோம், அத வச்சுக்கிட்டே தூங்கறான்.

ஒரு சந்தேகம். படகு உள்பக்கம் வெள்ளையா, மரக்கலரா? பொண்ணு வெள்ளைங்கறா, என் மனைவி மரம் அப்படியே இருக்கட்டும்ங்கறாங்க.

பெங்களூரு_கார்த்தி

பெரிய ஹல்லுக்கு என்ன கலர் ப்ரோ, பழைய மஞ்சளா இல்ல அசல்ல 2015ல மாத்தின அந்த லேசான பிங்க்கா?

கோவை_மரத்தூள்

கார்த்தி, ஹல் கலர் சண்டைக்கு தனி இழை திற, இங்க வேண்டாம். பெயிண்ட் அடுக்க சுரண்டி ஆராய்ச்சி பண்ணித்தான் அத மாத்தினாங்க, அவ்வளவுதான் இப்போதைக்கு.

தம்பி, 2 மி.மீ. சாய்வ நினைச்சு கவலைப்படாதீங்க, நிறுத்தின பக்கத்துல பலகை ஏற ஏற எதிர்ப்பக்கம் இழுக்கும், பாதி சரியாயிடும். படகுக்கு ஒரே ஒரு கோட் தேக்கு எண்ணெய் போட்டு காய வச்சுட்டு ரெண்டு பேருக்கும் காட்டுங்க, துணியில மூடி பால்கனியில வைங்க, வாசம் ரெண்டு நாள் இருக்கும், எண்ணெய் தடவின துணிய சுருட்டி குப்பையில போடாதீங்க, விரிச்சு காய வச்சப்புறம் போடுங்க, சுருட்டி வச்சா தானா சூடாகி தீ புடிக்கும்.

அம்பத்தூர்_கப்பல்காரன்

சரி சார். புதன்கிழமை எண்ணெய் போடுறேன், காஞ்சதும் ஃபோட்டோ போடுறேன்.